பின்சக்கரத்து முப்பத்தாறு பல்

என் பேட்டரி வண்டியின் பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரத்துக்கு நாற்பத்தெட்டுப் பல் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு முப்பத்தாறு பல் போட்டோம். போட்டது என் சிநேகிதன். ஊரில் இன்றைக்கும் அவன்தான் வண்டியைக் கெடுத்தான் என்று பேச்சு. அவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் யாரிடமும் இல்லையென்று சொன்னதில்லை. நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் பாதிக் காரணம். வாத்தியார் எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்பாரே என்ற பயத்தில் ஆடு மேய்க்கப் போனவன் நான். வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் ராசிபுரம் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. என் வீட்டு வாசலிலிருந்து சேலத்து ஆஸ்பத்திரி வாசலுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். இருபது வருஷம் லாரி ஓட்டினேன். அப்போது இருபத்திரண்டு கிலோமீட்டரை ஒரு தூரமாகவே நினைத்ததில்லை. பிறகு ஒரு நாள் ஜாக்கி நழுவி என் இடது பாதத்தின் மேல் சக்கரம் உட்கார்ந்தது. பாதம் இருக்கிறது, ஆனால் எதையும் அழுத்துகிற வேலைக்கு ஆகாது. கிளட்சு மிதிக்க முடியாது, பைக்கில் கியர் மாற்ற முடியாது. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கித் தட்டில் அடுக்குகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். கோழி நம்மைக் கேள்வி கேட்பதில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் சம்சாரத்துக்குக் கால் வீங்கியது. கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். நாலு மணி நேரம் படுக்க வைத்து, ரத்தத்தை வெளியே எடுத்து, மிஷினில் சுத்தம் பண்ணி உள்ளே விடுவார்கள். ஒரு நாள் தப்பினாலும் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும். எங்கள் ஒரே மகள் திருப்பூரில் இரண்டு கைக்குழந்தைகளோடு கிடக்கிறாள். கார் வைத்துக் கூட்டிப் போக நமக்கு ஆகாது. பஸ்ஸில்தான் போனோம். டயாலிசிஸ் முடிந்து வரும்போது அவளுக்குப் பிரஷர் இறங்கிவிடும், நிற்க முடியாது. மல்லூர் தாண்டி ஒரு நாள் பஸ்ஸுக்குள்ளேயே வாந்தி எடுத்து மயங்கி விழுந்தாள். பக்கத்து சீட்டுப் பொம்பளை சேலையை உதறிக்கொண்டு எழுந்ததை அவள் மயக்கத்திலும் பார்த்திருக்கிறாள். "இனி பஸ்ஸுல ஏறச் சொல்லாதீங்க" என்றாள்.

அவள் அண்ணன் சேலத்தில் இருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிஷத்தில் வீடு. விஷயம் தெரிந்ததும் வந்து, "என்ற ஊட்டுல வந்து இரு சாமி. எதுக்கு அலையறே?" என்று கூப்பிட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர்கள் அம்மா செத்த அன்றைக்கு, எழவு வீட்டில் அத்தனை பேர் கேட்க, அண்ணன் சம்சாரம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்: "பாத்தரஞ் சட்டிய எண்ணிப் பாத்து எடுத்துட்டுப் போலாம்னு வந்திருக்கறா." அன்றைக்குச் சாப்பிடாமல் திரும்பி வந்தவள்தான், அந்த வாசலை அப்புறம் மிதிக்கவில்லை.

அண்ணன் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "நீங்க கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வந்தீங்கன்னாப் போதும். எங்க செத்தாலும் என்ற ஊட்டுல சாகோணும். அந்த ஊட்டுக்கு என்னைய அனுப்பிப்போடாதீங்க."

அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். கையில் அடித்தெல்லாம் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். அவளுக்கு அது போதும்.

பண்ணையில் ஒரு பழைய மொபெட் மூலையில் கிடந்தது. எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டார் வைத்து, சீட்டுக்கு அடியில் பேட்டரி வைத்த வண்டி. கொட்டகை கொட்டகையாகத் தீவன மூட்டை கொண்டுபோக முதலாளி செய்து வைத்திருந்தார். கிளட்சு இல்லை, கியர் இல்லை, முறுக்கினால் போகும். என் காலுக்கு அளவெடுத்த வண்டி. முதலாளி, "எடுத்துட்டுப் போப்பா, சும்மாதான் கெடக்குது" என்று கொடுத்துவிட்டார். சேலத்தில் பேட்டரி கட்டித் தருகிற கடை ஒன்றில் புதுப் பேட்டரி போட்டேன். கடையை நடத்தியது முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கையில் சூடுபட்ட தழும்பு, காதில் போன். "எதுன்னாலும் ஒரு போன் பண்ணுங்கண்ணா" என்று நம்பரை என் போனில் அவளே ஏற்றிக் கொடுத்தாள். நான் அந்த நம்பரைப் பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அமுக்கியதில்லை.

போக இருபத்திரண்டு, வர இருபத்திரண்டு. மொத்தம் நாற்பத்திநாலு கிலோமீட்டர். இரண்டு பேர் உட்கார்ந்தால் வண்டி முப்பத்தெட்டு ஓடும். ஆறு கிலோமீட்டர் இடித்தது.

அவள் உள்ளே படுத்திருக்கிற நாலு மணி நேரத்தில் எங்காவது சார்ஜ் போட்டால் தீர்ந்தது. சார்ஜரைப் பையில் போட்டுத்தான் கொண்டுபோவேன். முதல் நாள் எப்படியோ தைரியம் வந்து, வண்டி நிறுத்துகிற இடத்துக்காரரிடம் கேட்டேன். அவர் சத்தமாக, "கரண்டு பில்லு உங்கப்பனா கட்டுவான்?" என்றார். வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அன்றைக்கு என்ன எரிச்சலோ. எதிரே டீக்கடை இருந்தது, பஞ்சர் கடை இருந்தது, ஜெராக்ஸ் கடை இருந்தது. எல்லாக் கடையிலும் சுவரில் பிளக் இருப்பது ரோட்டிலிருந்தே தெரியும். நான் அதற்கப்புறம் யாரிடமும் கேட்கவில்லை. சார்ஜர் பைக்குள்ளேயே போய்ப் பைக்குள்ளேயே வரும்.

ஆகவே திரும்பும்போது கடைசி ஆறு கிலோமீட்டரை உருட்டிப் புரட்டிக் கடப்போம். பேட்டரி செத்ததும் ஒரு மரத்தடியில் நிறுத்துவேன். அரை மணி நேரம் விட்டால் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் வரும், ஒன்றரை கிலோமீட்டர் போகும். மறுபடி நிற்கும். அவள் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டே, "இந்த வண்டியையும் செவ்வாய் வெள்ளி அங்கயே படுக்கப் போட்டரலாமுங்க. நாலு மணி நேரத்துல ஏத்தி உட்ருவாங்க" என்றாள். நான் சிரித்தேன். ஆனால் அவளுக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. வீடு வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். இப்படியே ஏழெட்டு மாதம் ஓட்டினோம்.

அந்த ஆறு கிலோமீட்டரை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்பதுதான் என் நினைப்பு முழுக்க. முட்டை அடுக்கும்போதும் அதே நினைப்பு.

வண்டி ஓடும்போது மோட்டார் 'ங்ஙீ' என்று கத்தும். வேகம் முப்பதைத் தாண்டாது, கத்தல் மட்டும் நூறுக்குப் போகும். லாரியில் இரண்டாம் கியரில் வைத்துக் கொன்று எடுப்பது மாதிரி. எங்கள் ஊர்ப்பக்கம் லாரி தொட்டவன் எவனுக்கும் அந்தச் சத்தம் கேட்டால் வயிறு எரியும். எஞ்சின் கத்துகிறது என்றால் டீசல் வீணாகிறது என்று அர்த்தம். மலைக்கு ஓடுகிற வண்டிக்கு ஒரு கிரவுன், வடக்கே தரையில் ஓடுகிற வண்டிக்கு ஒரு கிரவுன். பின் அச்சுக்குள்ளே இருக்கிற அந்தப் பல்சக்கரத்தை ஓட்டத்துக்குத் தக்கபடி மாற்றிப் போட்டு மைலேஜ் எடுப்பதுதான் நாங்கள் சாப்பிட்ட சோறு. நம் ரோடு தரை ரோடு. நம் வண்டியில் இருப்பதோ மூட்டை இழுக்கப் போட்ட பல். பின்னால் பல்லைக் குறைத்தால் மோட்டாரின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் அதிகம் சுற்றும், மோட்டார் கத்தாது, பேட்டரி மிச்சமாகும். எனக்கு இதில் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான், அதில் எப்படிச் சந்தேகம் வரும்?

என் சிநேகிதன் நாமக்கல் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறான். லாரிக்குக் கிரவுன் வேலைதான் அவன் தொழில். நான் கிளீனராக ஏறிய வண்டியில் அவனும் கிளீனராக இருந்தவன். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஏண்டா பங்காளி, இதென்ன வண்டியா, ஆட்டுக்குட்டிய வெயில்ல கட்டிப்போட்ட மாதிரி கத்துது!"

"பின்னால பல்லக் கொறச்சுப் போடோணும்" என்றேன்.

"எத்தனை இருக்குது?"

"நாப்பத்தெட்டு. முப்பத்தாறு போட்ரு."

அவன் உட்கார்ந்து செயினை விரலால் தட்டிப் பார்த்தான். அவன் சத்தமாகப் பேசுகிற ஆள், கேலி பண்ணுகிற ஆள், ஆனால் வேலையில் அவசரப்படுகிற ஆள் இல்லை. "எனக்கு லாரின்னாக் கண்ணக் கட்டிட்டு மாட்டுவேன். இது கரண்டு சமாச்சாரம். பேட்டரி போட்டாங்களே, அவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"போடலாம்னாங்க."

நான் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் அரை மணி நேரம் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. 'நான் இன்னார்' என்று சொன்னால் அந்தப் பெண்ணுக்கு ஞாபகம் இருக்குமா? 'யாருங்க?' என்று கேட்டால் என்ன சொல்வது? கடையில் ஆட்கள் இருக்கும் நேரமாயிருந்தால்? இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் எனக்கு இல்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவன் கேட்டபோது, கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்டேன் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

"அப்பறமென்ன, மாட்டிருவோம்" என்று அவன் எழுந்தான். எங்கிருந்தோ முப்பத்தாறு பல் சக்கரம் ஒன்று கொண்டுவந்து, நடு ஓட்டையைக் கடைசலில் கொடுத்துப் பெரிதாக்கி மாட்டினான். செயினில் ஆறு கண்ணி வெட்டி எடுத்தான். மாட்டி முடித்ததும் நானே ஓட்டிப் பார்த்தேன். கத்தல் போயிருந்தது. நாற்பதைத் தாண்டி நாற்பத்திரண்டில் வழுக்கிக்கொண்டு போயிற்று. என் வாழ்நாளில் லாரி ஸ்டியரிங்கை விட்ட பிறகு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. கூலி எடுத்து நீட்டினேன். "போடா, தங்கச்சி ஊட்டுக்கு நேரத்துல வந்து சேந்தாச் செரி" என்று கையைத் தள்ளிவிட்டான்.

வீட்டுக்கு வந்து அவளை ஊர் எல்லை வரைக்கும் ஏற்றிப் போனேன். "ஏனுங்க, மெதுவா! ஆசுபத்திரிக்குப் போறதுக்கு முந்தியே வேற எடத்துக்கு அனுப்பிருவீங்களாட்ட இருக்குது" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் சந்தோஷம்தான். இனி மரத்தடியில் படுக்க வேண்டாம் என்று சொன்னேன்.

அடுத்தது வெள்ளிக்கிழமை. சித்திரை வெயில். எட்டு மணிக்கே தார் இளகுகிற மாதிரி இருந்தது. அவளுக்கு முகம் உப்பியிருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பில்தான் இருந்தது. வண்டி சத்தமில்லாமல் போயிற்று. சத்தம் இல்லாததால் நான் மீட்டரைப் பார்க்கவே இல்லை. இருபது வருஷமாகக் காதால் வண்டி ஓட்டியவன். எதேச்சையாகக் குனிந்து பார்த்தபோது பேட்டரி பாதிக்குக் கீழே போயிருந்தது. பத்து கிலோமீட்டர்தான் வந்திருந்தோம். ஏதோ மீட்டர் கோளாறு என்று நினைத்தேன்.

சேலத்துக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு மேம்பாலம். ஏற ஆரம்பித்ததும் வண்டி முனகியது. முறுக்கு முழுக்கப் பிடித்தேன். பாதி ஏற்றத்தில் வார்னிஷ் கருகுகிற வாசனை வந்தது. அவள், "ஏதோ தீயறாப்ல இருக்குதுங்க" என்றாள். சொல்லி வாயை மூடுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. பிறகு எதை அமுக்கினாலும் உயிர் வரவில்லை. மோட்டாரைத் தொட்டேன், விரல் பொசுங்கியது.

பாலத்தின் மேல் நிழல் ஏது? அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். லாரிகள் பக்கத்தில் போகும்போது பாலமே ஆடும். நான் வண்டியைத் தள்ளினேன், ஒற்றைக் காலில் எவ்வளவு தள்ள முடியும்? போகிற வண்டிகளைப் பார்த்துக் கை காட்ட வேண்டும் என்று தெரிகிறது. கை தோள் உயரத்துக்குப் போகிறது, அதற்கு மேல் போகவில்லை. யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கால் மணி நேரம் அப்படிப் போயிற்று. கடைசியில் அவள்தான் சுவரை விட்டு இரண்டு எட்டு ரோட்டுக்குள் வந்து, கையை நீட்டி ஒரு டெம்போவை நிறுத்தினாள். ஜவ்வரிசி மில்லுக்குக் குச்சிக்கிழங்கு ஏற்றிப் போகிற வண்டி. டிரைவர் அவளை முன்னால் ஏற்றிக்கொண்டார். நான் பின்னால் கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தேன். வண்டியைப் பாலத்திலேயே பூட்டிவிட்டு வந்தோம்.

ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். அவள் படுக்கையில் வேறொரு ஆளைப் படுக்க வைத்திருந்தார்கள். அவர்கள் பேரில் குற்றம் சொல்ல முடியாது. காத்திருக்கிற ஆட்கள் அத்தனை பேர். அங்கே இருந்த சிஸ்டர் அவளை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சுக்கு ஒரு ஊசி போட்டு, "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு முதல் ஆளா போட்டுடறோம்மா, வந்துடுங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"நாளைக்கு ஆறு மணிக்கு எப்படிங்க வர்றது?" என்றாள்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்து, அண்ணன் நம்பரை அவளே அமுக்கினாள். ஒன்பது வருஷம். "அண்ணா, ஆசுபத்திரியில இருக்கறேன். வாரியா?" என்றாள். போனைத் திருப்பி என் பையிலேயே போட்டாள். கால் மணி நேரத்தில் அவர் காரில் வந்து கூட்டிக்கொண்டு போனார். ஏறும்போது, "வண்டியப் பாலத்துல உட்டுட்டு வந்துட்டமே, போயி எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

டெம்போ பிடித்து வண்டியை அந்தப் பேட்டரிக் கடையில் இறக்கினேன். அந்தப் பெண் மோட்டாரைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தாள். உள்ளே இருந்த செம்புக் கம்பிச் சுற்றெல்லாம் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது.

"எத்தனை பல்லுண்ணா பின்னாடி?"

"முப்பத்தாறு."

"முன்ன நாப்பத்தெட்டு இருந்துச்சே! யாருண்ணா கொறைக்கச் சொன்னது?"

நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டீசல் எஞ்சின் கத்துனாத்தாண்ணா நிறையக் குடிக்கும். மோட்டார் அப்படியில்ல. அது கத்திக்கிட்டு லேசா சுத்துறப்பதான் கொஞ்சமா எடுக்கும். கஷ்டப்பட்டு மெதுவா சுத்தறப்ப அள்ளிக் குடிக்கும். ரெண்டு பேர் உக்காந்து போறதுக்கு நீங்க பல்லக் கூட்டியிருக்கணும், கொறைச்சிட்டீங்க." கம்பிச் சுற்றைத் துணியால் துடைத்துவிட்டு, "ஒரு போன் பண்ணியிருக்கலாமேண்ணா, நான் நம்பர் குடுத்தேனே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

மோட்டார் ஓடும், ஆனால் பழைய பலம் இருக்காது என்றாள். பேட்டரியும் அடி வாங்கியிருந்தது. என் சிநேகிதன் செய்தி கேட்டு ஓடிவந்தான். நாற்பத்தெட்டுப் பல் சக்கரத்தையும் வெட்டிய ஆறு கண்ணியையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தான், அதையே திரும்ப மாட்டினான். முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "என்ற கைதான்டா கெடுத்துச்சு. தங்கச்சியக் கொண்டுபோயி எதிரி ஊட்டுல உட்டுட்டேன்" என்றான். அவன் கண் கலங்கியது. 'நான் கேட்கவே இல்லடா' என்று சொல்ல எனக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைத்தது. நான் செயின் டைட்டாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இரண்டு பேர் உட்கார்ந்தால் இருபத்தைந்து கிலோமீட்டர். அவளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர ஒரே வழிதான் இருந்தது. இன்னும் பல்லைக் கூட்ட வேண்டும். ஐம்பத்தாறு போட்டு இருபதுக்கு மேல் ஓட்டாமல் இருந்தால் ஒருவேளை நாற்பதைத் தொடும் என்றாள் கடைக்காரப் பெண். மாட்டினேன். இருபது வேகத்தில் சேலம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவளிடம் சொன்னேன், இனி வீட்டுக்குப் போகலாம், வண்டி தாங்கும், ஆனால் மெதுவாகத்தான் போகும்.

"எவ்வளவு மெதுவா?"

"ஒண்ணேகால் மணி நேரம் ஆகும் அம்மிணி. உன்னால உக்கார முடியுமா?"

"உக்காந்துக்குவேன்" என்றாள். உடனே சொன்னாள். டயாலிசிஸ் முடித்து வந்த கையோடு, கையில் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருக்க, அண்ணனிடம் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி மூலை திரும்பியதும் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஊட்டுல வெளக்கமாறு எங்க வெச்சிருக்கீங்க? கண்டபடி போட்டு வெச்சிருப்பீங்க" என்றெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் பேச்சு குறைந்தது. அப்புறம் நான் கேட்டதற்கு 'ம்' என்றாள். அப்புறம் அதுவும் இல்லை. முதுகில் அவள் தலையின் கனம் ஏறிக்கொண்டே வந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். வலது பக்கமாகச் சரிந்தபோதுதான் தெரிந்தது. ஒரு கையால் பின்னால் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வண்டியை ஓரம் கட்டி, அவளோடு சேர்ந்து நானும் மண்ணில் விழுந்தேன்.

பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்த பெண்கள் ஓடிவந்து தண்ணீர் தெளித்தார்கள். ஒரு பெண் என் போனைப் பிடுங்கி, கடைசியாகப் பேசிய நம்பருக்கு அடித்தாள். அது அண்ணன் நம்பர். "ஊட்டுக்காரரு பேச மாட்டேங்கறாருங்க, நீங்க வாங்க" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

அண்ணன் காரில் வந்தார். அவளைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். கண் விழித்திருந்தாள். அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் என் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "போதும் உடுங்க மாப்ள" என்றார்.

அவள் இப்போது அங்கேதான் இருக்கிறாள். அண்ணன் சம்சாரம் ஒரு சொல் தப்பாகப் பேசுவதில்லை. வேளாவேளைக்கு உப்பில்லாமல் ஆக்கிப் போடுகிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லாதது எங்கள் இருவருக்கும் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. நான் பின்சக்கரத்தில் மறுபடி நாற்பத்தெட்டே போட்டுக்கொண்டேன். ஒற்றை ஆளுக்கு வண்டி நன்றாகவே ஓடுகிறது. மெதுவாக ஓட்டினால் போய்விட்டு வந்தாலும் மிச்சம் இருக்கிறது. அந்த மேம்பாலத்தில் ஏறும்போதெல்லாம் வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறுகிறது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போவேன். அவள் வாசலுக்கு வந்து, அந்த வீட்டு ஆட்கள் எதிரில், "வாங்க" என்று கூப்பிடுவாள். முப்பது வருஷத்தில் என்னை அவள் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் யாரை யார் வாங்க என்பது? இப்போது நான் ஒறம்பரை, விருந்துக்கு வந்த ஆள். நாற்காலியில் உட்கார வைத்துக் காப்பி கொடுக்கிறார்கள். அவள் எதிரில் உட்கார்ந்து, யார் யார் செத்தார்கள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்பாள். மற்றவர்கள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, "இப்ப எத்தனை ஓடுது?" என்பாள். "ரெண்டாளுக்கு இருபத்தஞ்சு" என்பேன். அவள் உதடு அசையும். கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரமும் அதையே கேட்பாள். ஒரு வாரம் இருபத்துமூன்று என்றேன். ஒரு வாரம் இருபத்திரண்டு. பொய்யாக ஒரு நாற்பது சொல்லியிருக்கலாம். மற்றவர்களிடம் அவ்வளவு சுலபமாக வந்த பொய், அவளிடம் வரவில்லை.

நாலைந்து மாதம் கேட்டாள். போன மாதத்திலிருந்து கேட்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் அங்கிருந்து கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்தவள், என் சட்டைக் காலரில் அழுக்கு இருப்பதைப் பார்த்துவிட்டு, "துணியத் தொவைக்க ஆரையாச்சும் வெச்சுக்குங்க" என்றாள். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். அவள் உள்ளே திரும்பி நடந்தாள். அந்த வீட்டு நிலைப்படி உயரமானது. அதில் அவள் எதையும் பிடிக்காமல், பழகிய காலாக ஏறிப் போனாள்.